புள்ளித்தாள்

காலையில் கிட்டத்து மேசை, பின்னேரம் மேடை.
திருகோணமலை நகர மண்டபத்தில் மூன்று நடுவர்கள்,
இரண்டு மின்விசிறிகள். அதில் ஒன்று
சீட்டுக்காரருக்கு எதிரி.
என்னை ஏன் கூப்பிட்டீர்கள் என்று கேட்டேன்.
“அடைவு கவுண்டரில பதினேழு வருஷம்.
உங்கட கண்ணை ஏமாத்தேலாதாம்.”
உண்மைதான். பித்தளைக் காப்பு என் கைக்கு வருமுன்னே
கொண்டுவந்தவரின் தொண்டை சொல்லிவிடும்.

கிண்ணியா றிஸ்கானுக்கு விரல்கள் நீளம்.
நாலு நாணயம், நாலு மூலை.
ஒவ்வொன்றாய் ஒரே மூலைக்கு நடந்தன.
சுத்தம். ஆனால் மூன்றாவது போகையில்
சுண்டுவிரல் விறைத்தது,
சம்பந்தி வீட்டில் தேநீர்க் கோப்பை பிடிப்பதுபோல்.
கைவேலை பதினைந்து. பேச்சு ஆறு.
‘இப்ப பாருங்கோ, இப்ப பாருங்கோ’ என்று
இருபது தரம் சொன்னால் எவரும் பார்ப்பர்,
பார்க்கக் கூடாத இடத்தையும்.

சல்லியிலிருந்து வந்த விதுர்சன்
சல்லி தொடவில்லை. சீட்டு.
மாஸ்டர் ஒன்றை உருவ, அவன் கண்ணைமூடிச்
சொல்ல வாயெடுக்க,
மின்விசிறி கட்டைத் தூக்கி வாசல்வரை வீசியது.
நிலமெல்லாம் கலாவரை ஏழு.
அத்தனையும் கலாவரை ஏழு.
“கலாவரை ஏழு” என்றான், குரல் நடுங்காமல்.
சிரித்துவிட்டேன். நடுவர் சிரிக்கக் கூடாது.

உவர்மலை ஜெனிற்றா கயிறு வெட்டி ஒட்டினாள்.
முடிச்சு வழுகி விழுந்தபோது
“அது நாளைக்கு” என்றாள்.
தவறை வித்தையாக்கினால் எந்த நிரல்?
தாளில் இல்லை. ஓரத்தில் பென்சிலால் மூன்று போட்டேன்.
பெனடிக்ற் மாஸ்டர் எட்டிப்பார்த்து அழித்தார்.
திரும்பப் போட்டேன்.

நாலாம் நிரலின் தலைப்பு அச்சில் இப்படி:
காணாமல் ஆக்குதல் – 20.
அச்சகத்துப் பெடியனுக்குப் பத்தொன்பது வயதிருக்கும்.
வெட்டிவிட்டு ‘ஒளித்தல்’ என்று எழுதினேன்,
மூன்று பேரின் தாளிலும்.
ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை.

பின்னேரம் மேடை. பாலையூற்றுத் துவாரகன்.
அண்ணனின் கோட்டு தோளில் இறங்கி நின்றது.
முன்வரிசை அம்மா ஒருவரிடம் மோதிரம் வாங்கிக்
கைலேஞ்சியில் சுற்றி, ஊதி, உதறினான்.
இல்லை.
கைதட்டு.
குனிந்து வணங்கி, கோப்பையும் பந்தும் எடுத்தான்.
ஐந்து நிமிடம். சிவப்புப் பந்து தேசிக்காய் ஆனது,
தேசிக்காய் இரண்டானது.
நல்ல வேலை. இடக்கை ஒன்றையும் காட்டிக்கொடுக்கவில்லை.
நான் அந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
சிரித்தபடிதான் இருந்தார்.
பெருவிரலால் வெறும் விரலின் அடியைத்
தேய்த்தபடியும் இருந்தார்.

கடைசித் தேசிக்காயை வெட்ட, உள்ளே மோதிரம்.
மண்டபம் எழுந்து நின்றது.
எனக்கும் தெரியும், பழைய வித்தை.
பிந்தி வருவதில்தான் அதன் ருசி.
மற்ற இருவரும் பத்தொன்பது போட்டார்கள். நான் பதினொன்று.
குறிப்பு: ‘ஐந்து நிமிடம் கூட.
இந்த ஊரில், போனது வரும் என்று
போகும்போதே சொல்லிவிட வேண்டும்.’
எழுதிவிட்டு வாசித்தேன். நியாயமில்லை.
பதினான்காக்கினேன்.
குறிப்பை அழிக்கவில்லை.

கூட்டல் முடிந்து வெளியே வந்தால்,
கடற்கரைப் பக்கமிருந்து ஏறிவந்த மான் ஒன்று
காற்றில் பறந்த கலாவரை ஏழுகளில் ஒன்றை
ஆறுதலாய் மென்றுகொண்டிருந்தது.
வாய் ஒரு பக்கம், கண் எங்களில்.
கவனம் திருப்புதல்: இதுவரை கண்டதில் சிறந்தது.
“அதுக்கு உடம்பெல்லாம் புள்ளிதானே மிஸ்” என்றாள் ஜெனிற்றா.

றிஸ்கான் மெல்லக் கிட்டப்போய்
அதன் காதுக்குப் பின்னாலிருந்து
ஒரு பத்து ரூபாய்க் குற்றியை எடுத்தான்.
ஒன்றும் பேசவில்லை.
சுண்டுவிரல் விறைக்கவில்லை.
எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

தாள்களை ஏற்கெனவே ஒப்படைத்துவிட்டிருந்தேன்.